உறுமும் ருத்ரன்

1992 ஜூன் 6 அதிகாலை. நோர்வேயின் பேர்கன் நகருக்கு அருகே, ஃபன்டொஃப்ட் என்ற இடத்தில் நின்ற பழைய மரத்தேவாலயம் எரிந்து சாம்பலானது. 12ஆம் நூற்றாண்டில் எழுந்த கட்டடம் அது. அதன்பின் அந்நாட்டில் ஒன்றன்பின் ஒன்றாகப் பல தேவாலயங்கள் தீக்கு இரையாகின. விசாரணை போய் நின்ற இடம் ஒஸ்லோவில் இருந்த ஓர் இசைத்தட்டுக் கடை. ‘ஹெல்வெட்டே’, அதாவது ‘நரகம்’ என்று அதற்குப் பெயர். அங்கே கூடிய ‘பிளாக் மெட்டல்’ இளைஞர்கள் சிலர் தேவாலயங்களுக்குத் தீ வைத்த வழக்குகளில் சிறை போனார்கள். அடுத்த ஆண்டு ஆகஸ்டில் அந்தக் கடைக்காரரையே இன்னோர் இசைக்கலைஞர் கத்தியால் குத்திக் கொன்றார். மெட்டல் இசை என்றாலே பெற்றோர் நடுங்கிய காலம்.

அதே 1992இல், சிங்கப்பூரில் மூன்று இந்திய வம்சாவளி இளைஞர்கள் ஒரு மெட்டல் குழுவைத் தொடங்கினார்கள். பாடவும் பேஸ் கிட்டார் வாசிக்கவும் கதி. கிட்டாருக்குப் பாலா. டிரம்ஸ் சிவா. குழுவுக்கு வேதத்திலிருந்து ஒரு பெயர்: ருத்ரா. அழிக்கும் கடவுளின் பெயரை வைத்துக்கொண்ட இந்தப் பிள்ளைகள் எந்தக் கோவிலுக்கும் தீ வைக்கவில்லை. தாத்தா பாட்டி காலத்துப் புத்தகங்களைத் திறந்து படிக்கத் தொடங்கினார்கள். முப்பது ஆண்டுகள் தாண்டியும் குழு இயங்குகிறது.

தமிழ்ப் பத்திரிகைகள் இவர்களைப் பற்றி எழுதியது மிகக் குறைவு. அந்தக் குறையைக் கொஞ்சமாவது தீர்க்கவே இந்தக் கட்டுரை.

இரும்பு ஊரின் பிள்ளை

மெட்டல் பிறந்தது இங்கிலாந்தின் பேர்மிங்ஹாமில். இரும்புப் பட்டறைகளும் தொழிற்சாலைகளும் நிறைந்த ஊர். டோனி அயோமி என்ற பதினேழு வயதுப் பையன் தகட்டுத் தொழிற்சாலையில் வேலைக்கு நின்றான். வேலையை விட்டு விலகும் கடைசி நாளில் இயந்திரம் அவனுடைய வலது கையின் இரண்டு விரல் நுனிகளைக் கொண்டுபோனது. அவன் இடக்கைக்காரன், கிட்டார் தந்திகளை அழுத்தும் கை அதுதான். பிளாஸ்டிக் போத்தலை உருக்கி விரல்களுக்கு உறை செய்து மாட்டிக்கொண்டு மறுபடியும் வாசித்தான். பின்னாளில் தந்திகளின் இறுக்கத்தையும் தளர்த்தினான். தளர்ந்த தந்தியில் ஒலி தடித்து, கனத்து, கீழே இறங்கியது. 1971இல் வெளிவந்த ‘பிளாக் சபத்’ குழுவின் மூன்றாவது இசைத்தொகுப்பில் அந்தக் கனத்தைக் கேட்கலாம்.

ரப்பர் சீட் அடிக்கும் உருளைகளுக்கும் தேயிலை பக்டரி ரோலர்களுக்கும் நடுவில் வாழும், இலங்கையின் எங்கள் கேகாலை மாவட்டத்துக்காரர்களுக்கு இந்தக் கதையை விளக்க வேண்டியதில்லை. மெட்டல் இசையைப் பணக்கார வீட்டுப் பிள்ளைகளின் விளையாட்டு என்று நினைப்பவர்களுக்காகத்தான் இதைச் சொல்கிறேன். விரலைக் கொடுத்த தொழிலாளி கண்டுபிடித்த ஒலி அது.

அந்த ஒலி இரண்டு பாதைகளில் போனது. ஒரு பாதை வேகம்: திராஷ், டெத், பிளாக் என்று மேலும் மேலும் விரைந்தது. மற்றது மெதுவு. அதற்கு ‘டூம் மெட்டல்’ என்று பெயர். ஓர் அடிக்கும் அடுத்த அடிக்கும் இடையில் மூச்சுவிட்டுக் காத்திருக்க வேண்டும். துக்கத்துக்கு என்றே ஆன இசை.

நோர்வே என்றால் இலங்கைக்காரரான நமக்கு 2002 போர்நிறுத்தமும் அதற்கு நடுநின்ற எரிக் சொல்ஹெய்மும்தான் நினைவுக்கு வரும். அந்நாட்டில் தேவாலயங்கள் எரிந்த அதே ஆண்டுகளில், தீ வைக்காத பிள்ளைகளும் மெட்டல் வாசித்தார்கள். டிராமென் நகரில் 1991இல் ‘ஃப்யூனரல்’ உருவானது. பெயரே சாவுச் சடங்கு. ஸ்டவாங்கரில் 1993 ஒக்டோபரில் ‘தியேட்டர் ஆஃப் டிராஜடி’ பிறந்தது. ஸ்டவாங்கர் எண்ணெய்ப் பணம் புழங்கும் துறைமுக நகரம். குழு முதலில் வேறு பெயர்களை வைத்துப் பார்த்துக் கைவிட்டது. ரேமண்ட் ரொஹோன்யி அடித்தொண்டையில் உறுமுவார். லிவ் கிறிஸ்டின் என்ற இளம்பெண்ணைப் பின்னணிக் குரலுக்காகத்தான் அழைத்தார்கள். அந்தத் தெளிந்த குரலைக் கேட்ட பிறகு அவரை முன்வரிசைக்கே கொண்டுவந்துவிட்டார்கள். உறுமலும் தேன்குரலும் மாறிமாறி உரையாடும் அந்த முறை 1995இல் வந்த முதல் தொகுப்பிலேயே நிலைபெற்றது. அடுத்த ஆண்டு இரண்டாவது தொகுப்பு வந்தது. ஐரோப்பா முழுவதும் அந்தப் பாணியைப் பின்பற்றிக் குழுக்கள் முளைத்தன. வரிகளைப் பழைய நாடக காலத்து ஆங்கிலத்தில் எழுதினார்கள். 2010 ஒக்டோபரில் குழு கலைந்தது.

முன்னோர் விட்டுப்போனதை என்ன செய்வது என்ற கேள்வி இந்தப் பிள்ளைகள் எல்லோரையும் பிடித்து ஆட்டியது. ஒரு கூட்டம் அதை எரித்தது. இன்னொன்று அதன் பழைய மொழியை எடுத்து மாட்டிக்கொண்டது. சிங்கப்பூரில் அந்தக் கேள்வி வேறு வடிவம் எடுத்தது.

நீளமுடிக்குத் தடை போட்ட நாடு

1972இல் இங்கிலாந்தின் ‘லெட் செப்லின்’ குழு சிங்கப்பூரில் நிகழ்ச்சி நடத்தாமலே திரும்பியது. காரணம் நீளமான தலைமுடி. அரசு அலுவலகங்களில், நீளமுடி வைத்த ஆண்களைக் கடைசியாகத்தான் கவனிப்போம் என்று அறிவிப்பு ஒட்டியிருந்த காலம் அது. 1990களின் தொடக்கத்தில் கச்சேரிகளில் ஒருவரையொருவர் மோதி ஆடும் ஆட்டத்துக்கும் கட்டுப்பாடு வந்தது. பதினெட்டு வயதானால் ஆண்பிள்ளைகள் கட்டாயத் தேசிய சேவைக்குப் போக வேண்டும். தலையும் மழிக்கப்படும். அந்நாட்டில் எத்தனையோ இசைக்குழுக்கள் அந்தச் சேவைக்காலத்தோடு கலைந்திருக்கின்றன.

இருந்தும் மெட்டல் அங்கே வேர்விட்டது. ‘அப்ஹோரர்’, ‘இம்பியெட்டி’ போன்ற குழுக்கள் ருத்ராவுக்கு முன்பே உருவாகியிருந்தன. ஆர்மீனியன் வீதியில், நாடகக்காரர் குவோ பாவ் குன் 1990இல் தொடங்கிய ‘சப்ஸ்டேஷன்’ கலைக்கூடத்தின் தோட்டம் இப்படிப்பட்ட குழுக்களுக்கு அடைக்கலம் தந்தது. மெட்டல் ரசிகர்களில் பெரும்பாலோர் மலாய் இளைஞர்கள். சீனரும் இருந்தார்கள். இந்தியப் பிள்ளைகள் மிகச் சிலர்.

அப்போது இசை கையிலிருந்து கைக்குத்தான் போனது. ஒரு குழு நாலு பாட்டைப் பதிவு செய்து கெசட்டாக்கும். அதுதான் ‘டெமோ’. தபாலில் ஒருவருக்கு அனுப்பினால் அவர் நகலெடுத்து நாலு பேருக்கு அனுப்புவார். போட்டோகொப்பி எடுத்த சிறுபத்திரிகைகளில் விமர்சனம் வரும். நோர்வேக்காரரும் சிங்கப்பூர்க்காரரும் பிரேசில்காரரும் ஒருவரை ஒருவர் அறிந்தது இப்படித்தான். எங்கள் ஊரான மாவனல்லையில் அந்நாளில் இருந்தது ‘ரெக்கோடிங் பார்’. பாட்டுகளை ஒரு தாளில் எழுதி வெற்றுக் கெசட்டோடு கொடுத்தால் இரண்டு நாளில் பதிந்து தருவார்கள். இளையராஜா ஒரு பக்கம், நாகூர் ஹனீபா மறுபக்கம் என்று பதிந்து வாங்கியவர்கள் இன்றும் ஊரில் இருக்கிறார்கள். மெட்டல் டெமோ எதுவும் அந்தக் கடைகளின் அலுமாரியில் இருந்ததாக நினைவில்லை.

தொடக்கத்தில் ருத்ரா வாசித்தது மற்றவர்களைப் போன்ற டெத் மெட்டல்தான். பல்லைக் கடிக்கும் கிட்டார், இரட்டைக் கால்மிதி டிரம்ஸ், உறுமல். டெமோவும் பதிவு செய்தார்கள். 1996இல் குழு நின்றுபோனது. பெரும்பாலான மெட்டல் குழுக்களின் வரலாறு இந்த இடத்தில் முடிந்துவிடும்.

ருத்ராவின் வரலாறு இங்கேதான் தொடங்குகிறது என்பது என் கணிப்பு. கொஞ்ச காலத்தில் அவர்கள் மீண்டும் சேர்ந்தார்கள். கதி அத்வைத வேதாந்தத்தை முறையாகக் கற்கத் தொடங்கியிருந்தார். பிற்காலத்தில் அவர் அதைக் கற்பிக்கவும் செய்தார். அந்தப் படிப்பு பாட்டுக்குள் இறங்கியது. 1998இல் குழுவின் பெயரையே தலைப்பாகக் கொண்ட முதல் தொகுப்பு வெளிவந்தது. உறுமலின் நடுவே சமஸ்கிருத மந்திரம் ஒலித்தது. இந்திய இசையின் சாயல் கிட்டாரில் படிந்தது. தங்கள் இசைக்கு அவர்களே ஒரு பெயரும் வைத்தார்கள்: ‘வேதிக் மெட்டல்’.

மேலோட்டமாகக் கேட்டால், வெள்ளைக்காரனின் இசையில் கொஞ்சம் மந்திரத்தைத் தூவியது போல் தோன்றும். வேறு பல குழுக்கள் செய்ததும் அவ்வளவுதான். பாட்டு தொடங்கும்போது சித்தார் நாலு வினாடி கேட்கும். அப்புறம் அதைக் காணவே முடியாது. ருத்ராவில் மந்திரம் அலங்காரத்துக்கு வரவில்லை. பாட்டின் பொருளே அதுதான். 2003இல் வந்த ‘குருக்ஷேத்ரா’ முழுக்கப் பகவத் கீதையைச் சுற்றியது. இரண்டு படைகளின் நடுவில் வில்லை நழுவவிட்டு உட்கார்ந்துவிட்ட ஒருவனின் கலக்கத்தைச் சொல்ல, பட்டுக் குரலை விட உறுமல் பொருந்துகிறது. டெத் மெட்டல் குழுக்களுக்குப் போரும் மரணமும் எப்போதும் பிடித்த விஷயங்கள். ஆனால் பலருக்கு அது இரத்தம் கொட்டும் அட்டைப்படத்தோடு நின்றுவிடும். இவர்கள் மரணம் என்றால் என்ன, சாவது யார் என்று கேட்டார்கள்.

‘ஆரியப் போர்’ என்ற தலைப்பும் எங்கள் ஊரும்

‘குருக்ஷேத்ரா’வுக்கு முன், 2001இல் இரண்டாவது தொகுப்பு வந்தது. ‘தி ஆர்யன் குருசேட்’, அதாவது ‘ஆரியப் புனிதப்போர்’ என்று தலைப்பு. தமிழ் வாசகர் எவருக்கும் அதைக் கேட்டதும் நெற்றி சுருங்கும். எனக்கு அதைவிடக் கூடுதலான காரணம் ஒன்று உண்டு.

அதே 2001இல், ஏப்ரல் கடைசியிலும் மே தொடக்கத்திலும் மாவனல்லை எரிந்தது. முஸ்லிம்களின் கடைகளும் வீடுகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. கொழும்பு–கண்டி வீதியின் இரு பக்கமும் கருகிக் கிடந்தது. தமிழ் பேசும் முஸ்லிம்களும் சிங்களவரும் தோட்டத்துத் தமிழரும் ஒரே சந்தையில் மரக்கறி வாங்கும் ஊர் இது. மதத்தையும் போரையும் ஒரே மூச்சில் சொல்லும் எந்தத் தலைப்பையும் இந்த ஊர்க்காரர் சந்தேகத்தோடுதான் பார்ப்பார். பார்க்கவும் வேண்டும்.

நானும் அப்படியே காதைத் தீட்டிக்கொண்டுதான் கேட்டேன். வேற்று மதத்தாருக்கு எதிரான அறைகூவல் எதுவும் என் காதில் விழவில்லை. போர் நடப்பது அறியாமையோடு, ‘நான்’, ‘எனது’ என்ற பிடிப்போடு. 2005, 2009, 2011 என்று மூன்று தொகுப்புகளாக வந்த ‘பிரம்மவித்யா’ வரிசையில் இது இன்னும் தெளிவாகிறது. உபநிடதங்களின் விசாரணைதான் அங்கே பாட்டாகியிருக்கிறது. 2016இல் வந்த தொகுப்பின் தலைப்பு இருமைக்குப் பகைவன் என்று பொருள்படும். நான், நீ என்ற பிரிவே பொய் என்று சொல்லும் தத்துவத்தைப் பாடும் குழு, பக்கத்து வீட்டுக்காரனைப் பகைவனாகக் காட்ட முடியாது. ஆனாலும் 2001இன் தலைப்பு நல்ல தலைப்பில்லை. ‘ஆரிய’ என்ற சொல்லை ஐரோப்பாவில் நாஜிகள் என்ன செய்தார்கள் என்பது உலகத்துக்கே தெரியும். தமிழ்நாட்டில் அதைச் சுற்றி நடந்த அரசியல் நமக்குத் தெரியும். உள்ளே இருப்பது எவ்வளவு நல்லதாக இருந்தாலும் வாசலில் அந்தப் பெயர்ப்பலகை தொங்கும்போது பலர் திரும்பிப் போய்விடுவார்கள்.

இன்னொரு கேள்வியும் உண்டு. வரிகள் பெரும்பாலும் ஆங்கிலம், மந்திரங்கள் சமஸ்கிருதம். தமிழ்ப் பிள்ளைகளுக்குத் திருமூலரும் சிவவாக்கியரும் இல்லையா? சிவவாக்கியரின் கோபத்துக்கு டெத் மெட்டலை விடப் பொருத்தமான வாத்தியம் வேறு எது? இதை நான் குறையாகச் சொல்லவில்லை, ஆசையாகச் சொல்கிறேன். புலம்பெயர்ந்த குடும்பத்தில் மூன்றாம் நான்காம் தலைமுறைக்கு எந்தக் கதவு திறக்கிறதோ அந்தக் கதவால்தான் உள்ளே போக முடியும். சிங்கப்பூர் தேசியக் கல்விக் கழகத்தின் இசை ஆய்வாளர் யூஜின் தைரியநாதன், வேதிக் மெட்டலையும் சிங்கப்பூரின் தென்னிந்தியச் சமூகத்தின் அடையாளச் சிக்கலையும் சேர்த்து 2009இல் ஓர் ஆய்வுக்கட்டுரையே எழுதினார். ஓர் உறுமல் குழுவைப் பல்கலைக்கழகம் அந்த அளவுக்கு மதித்திருக்கிறது.

தப்புக்காரர் சொன்னது

மாவனல்லையில் கைபேசி திருத்தும் சிறிய கடை ஒன்றில் இந்தப் பாட்டுகளைப் போட்டுக் கேட்டோம். கடைப் பையன் மெட்டல் பைத்தியம். டியூஷனுக்குக் கண்டிக்குப் போய்வந்த காலத்தில் பிடித்த பழக்கம். அப்போது மலைத் தோட்டத்திலிருந்து ஒரு பெரியவர் ‘சார்ஜர்’ வாங்க வந்தார். ஒரு காலத்தில் தப்பு அடித்தவர். திருவிழா, காமன் கூத்து, சாவு எல்லாவற்றுக்கும் அவர்தான். அதற்கும் முந்திய காலத்தில், விடியலில் ஆட்களைப் பெரட்டுக்கு, அதாவது வேலைக்குக் கூடும் இடத்துக்கு, கூப்பிடவும் தோட்டத்தில் தப்புதான் ஒலித்தது என்று சொன்னார்.

‘குருக்ஷேத்ரா’விலிருந்து ஒரு பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. இரட்டைக் கால்மிதியில் டிரம்ஸ் விடாமல் உருண்டது. அவர் காசு கொடுக்காமல் நின்று கேட்டார். விரல்கள் கண்ணாடி அலுமாரியின் மேல் தட்டத் தொடங்கின.

“யாரு தம்பி இது?”

“நம்ம ஆளுங்கதான் தாத்தா. சிங்கப்பூர்.”

“பெரட்டுக்கு அடிக்கிற மாதிரி இருக்கு. ஆள எழுப்புது. ஆனா எடம் விட்டு அடிக்க மாட்டேங்கிறானே.”

பையன் சிரித்துக்கொண்டே நோர்வேயின் ஃப்யூனரல் குழுவுக்கு மாற்றினான். ஓர் அடி. நீண்ட இடைவெளி. மறுபடி ஓர் அடி. பெரியவரின் விரல்கள் நின்றன. “இது தெரிஞ்சு அடிக்கிறான்,” என்றார். “பொணம் வாசல்ல கெடக்கறப்ப அவசரம் எதுக்கு?”

டூம் மெட்டல் பற்றி நான் படித்த எந்த விமர்சனமும் இதைவிடத் தெளிவாக இல்லை. ருத்ராவுக்கு அவர் சொன்னது நியாயமான திருத்தம்தான். அவர்களுடைய வேகம் சில பாட்டுகளில் பொருளை மூடிவிடுகிறது. உபநிடதத்தின் கேள்விகளுக்கு இடைவெளி வேண்டும். டெத் மெட்டலில் ஊறிய கைகளுக்கு அந்த மெதுவு எளிதில் வருவதில்லை. மந்திரம் ஒலிக்கும் இடங்களில் டிரம்ஸ் அடங்கும்போதுதான் குழுவின் முழுப் பலமும் வெளிப்படுகிறது.

நம் பக்கத்தில்

இலங்கையில் மெட்டல் இல்லை என்று நினைக்க வேண்டாம். கொழும்பின் ‘ஸ்டிக்மாட்டா’ 2003இல் முதல் தொகுப்பை வெளியிட்டது. பாடகர் சுரேஷ் டி சில்வா. யுத்த காலத்தில், சோதனைச் சாவடிகளுக்கு நடுவில் வளர்ந்த குழு அது. எங்களிடமிருந்து கடுகண்ணாவை ஏறி இறங்கினால் வரும் கண்டியிலிருந்து ‘பரனாய்ட் எர்த்லிங்’ வந்தது. 2011இல் உருவான ‘ஜெனசைட் ஷ்ரைன்ஸ்’ தாந்திரீக மரபுகளைக் கையில் எடுத்து வெளிநாட்டு ரசிகர்களையும் பிடித்தது. பெங்களூரில் ‘டையிங் எம்ப்ரேஸ்’ என்ற குழு 1991இலேயே டூமையும் டெத்தையும் கலந்து வாசித்தது. நோர்வேயின் ஃப்யூனரல் தொடங்கிய அதே ஆண்டு அது.

இவற்றில் எதிலும் மலையகத் தமிழ் இல்லை. தப்பும் உடுக்கும் நம்மிடம் இருக்கின்றன. காமன் கூத்தில் ரதி ஒப்பாரி வைக்கும் இரவைப் பார்த்தவருக்கு டூம் மெட்டலின் துக்கம் புதிதில்லை. 2016 மேயில் அரநாயக்கவில் மலை சரிந்து கிராமங்களை மூடியது. அந்த ஊமைத் துயரத்துக்கு இன்னும் பாட்டு வரவில்லை. தோட்டத்துப் பிள்ளைக்கு எலெக்ட்ரிக் கிட்டார் எட்டாத விலை. எம்ப்ளிஃபயர் அதைவிட எட்டாத விலை. லயன் அறையில் டிரம்ஸ் செட்டை எங்கே வைப்பது? இவையெல்லாம் உண்மையான தடைகள். ஆனால் கைபேசியில் பாட்டுப் பதிவு செய்யும் பிள்ளைகளை மாவனல்லையில் பார்க்கிறேன். அவர்களில் ஒருவராவது சித்தர் பாட்டையும் தப்பையும் தளர்த்திய கிட்டார் தந்தியையும் ஒன்றாக வைத்துப் பார்க்கட்டும் என்று மனமார விரும்புகிறேன்.

ருத்ராவின் ‘எய்ட் மகாவித்யாஸ்’ 2022இல் வந்தது.  முதன்முதலாகக் கேட்பவர்கள் அதில் தொடங்க வேண்டாம். ‘குருக்ஷேத்ரா’வில் தொடங்குங்கள். கதை தெரிந்ததால் உறுமலின் நடுவிலும் வழி தவறாது. பிறகு ‘பிரம்மவித்யா’ மூன்றையும் வந்த வரிசையிலேயே கேளுங்கள். டூம் பக்கம் போக விரும்புபவர்கள் தியேட்டர் ஆஃப் டிராஜடியின் முதல் இரண்டு தொகுப்புகளை எடுத்துக்கொள்ளலாம். கைபேசியின் ஸ்பீக்கரில் போடாதீர்கள். கீழ்ச்சுருதி அதில் காணாமல் போய்விடும். இந்த இசையின் பாதி அங்கேதான் இருக்கிறது.